அக்கட்ட ஊட்டுக்குச் சோறு

மெதுவா, மெதுவா. அந்தக் காலை மடக்காதீங்க தம்பி. இந்தச் சேர்லயே உக்காருங்க. கட்டில் வேண்டாம், கயிறு தொங்கிப்போச்சு, அதுல உக்காந்தா எந்திரிக்கறதுக்கு வேற ஆளு கூப்புடோணும். எங்க, காட்டுங்க. தோலுதான் போயிருக்குது. எலும்புக்கு ஒண்ணுமில்லீங்க. எலும்பு போயிருந்தா மொகம் இப்படி இருக்காது. எங்கூட்டுக்காரரு ஒருக்கா மோட்டார் ரூமு மேல இருந்து உளுந்தாரு, அப்பப் பாத்திருக்கோணும் அந்த மொகத்தை, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அந்த நேரத்துலயும் ஆசுபத்திரிக்குப் போறதுக்குச் சலவை வேட்டி எடுத்தாங்கறாரு. கால் அக்கட்டத் தொங்குது, மனுசன் வேட்டி கேக்கறாரு. சேரி, இந்தாங்க காப்பித்தூளு. வெச்சு அமுத்துங்க. எரியாது. எரிஞ்சாலும் சித்த நேரந்தான்.

வண்டி அங்கயே ஓரமாக் கெடக்கட்டும். ஆரும் எடுக்கமாட்டாங்க. முன்னால கோணிப்போன வண்டியை எவன் எடுக்கறான்? சிநேகிதகாரருக்குப் போன் பண்ணீட்டீங்கல்ல, ஆட்டோ புடிச்சுட்டு வந்துருவாரு. அதுவரைக்கும் ரெண்டு பழமை பேசிக்கிட்டு இருக்கலாம். மோரு குடிங்க.

ரோட்டுல கெடக்குதே, அதுங்களா? அது கொள்ளுங்க. கொள்ளுச்செடி. காட்டுல புடுங்கி ரோட்டுல பரப்பி உட்டுட்டா, போற வண்டி வர்ற வண்டியெல்லாம் மேல ஏறி ஏறி, காயி வெடிச்சுத் தானா உதுந்துக்கும். சாயங்காலம் பொழுதோட போய்த் தூத்தி எடுத்துக்கறது. கூலியுமில்ல, தடியெடுத்து அடிக்கற வேலையுமில்ல. இந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் அப்படித்தான். நீங்க அது மேல வந்து பிரேக்கைப் புடிச்சுப்போட்டீங்க. அதான் தப்பு. பிரேக்கே புடிக்காம, முறுக்கறதை லேசா உட்டுட்டுச் சும்மா ஓட்டோணும். எங்கூர்ப் பசங்க ஆராச்சும் உளுகறாங்களா? சேரி, போன வாரம் தபால்காரரு உளுந்தாரு. அவரு மத்த எடத்துலயும் உளுகறவருதான்.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க தம்பி. நீங்க உளுந்தது உங்க மேல தப்பில்ல. இந்த ரோடு அப்பேர்ப்பட்ட ரோடு. ஆளு உசுருக்கு இங்க மதிப்பே இல்லாமப் போச்சு. எல்லாம் காட்டுல ஊடு கட்டி விக்கறாங்களே, அந்த நகரு வந்த பொறவு. பேரு என்னமோ இங்கிலீஷ்ல வெச்சிருக்கறாங்க, என்ற வாயில வரமாட்டீங்குது.

என்னது, நீங்களே அங்கதான் போறீங்களா?

அம்மாவுக்கு ஊடு பாக்கவா. நல்ல புள்ளை. இந்தக் காலத்துல எந்தப் பையன் அம்மாவுக்குன்னு ஊடு தேடறான்? வாங்கிக் குடுங்க. காத்து நல்லா வரும். தண்ணி சப்புனு இருக்கும், அது பழகிரும். உங்கம்மா வந்தா என்ற ஊட்டுக்குக் கூட்டியாங்க, இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலயே உக்கார வெச்சு... இல்ல, இந்த எடம் இருக்காதே. பின்னாடி திரும்பிப் பாருங்க. செவுத்துல மஞ்சப் பெயிண்டுல ஒரு கோடு தெரியுதா? அது வரைக்கும் ரோடு வருதாமா. அப்பப் பாத்துக்கங்க, நீங்க இப்ப நடு ரோட்டுல உக்காந்து மோரு குடிக்கறீங்க.

செவுரு போனாப் போகட்டுங்க. செவுத்துக்கு நான் அழுவுல. எதுத்தாப்பல பாருங்க. அக்கட்ட ஓட்டு ஊடு. வாசல்ல நீலச்சேலை கட்டீட்டு உக்காந்திருக்கறாளே, அது என்ற பொறந்தவ. தங்கச்சி. மயிலாத்தா. நம்மளையே பாக்கறாப்பல இருக்கும். பாக்கலீங்க, கண்ணு தெரியாது. சுகர் வந்து ரெண்டு கண்ணையும் தின்னு போட்டுது. காதுதான் அவளுக்குக் கண்ணு. நீங்க டமார்னு உளுந்தீங்களே, உடனே கேட்டா, ஆருக்கா அதுன்னு. ஒருத்தருமில்ல, ஒரு தம்பி சும்மா வந்து உக்காந்திருக்குதுன்னு சொன்னேன். பயந்துக்குவா.

எங்க ரெண்டு பேரையும் அண்ணன் தம்பிக்கே கட்டிக் குடுத்தாங்க. ஒரே பந்தல்ல. எங்கய்யனுக்குச் செலவு மிச்சம். மாமனாரு ரெண்டு மகனுக்கும் எதுரும் பொதுருமா ஊடு கட்டி உட்டாரு. அப்ப இது ரோடே இல்லீங்க, இட்டேறி. ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவுல வண்டித்தடம். இங்க தாளிக்கற வாசம் அங்க போகும். அவ ஊட்டுல அம்மி அரைச்சா எனக்கு என்ன கொழம்புன்னு தெரியும். உப்பு இல்லீன்னா செருப்புப் போடாமப் போயி வாங்கீட்டு வருவேன்.

அப்புறம் தார் ரோடு போட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. கொள்ளுக்கு ரொம்ப சௌரியம்.

அவளை ஏன் இங்க கூட்டியாந்து வெச்சுக்கக் கூடாதுன்னுதான கேக்கறீங்க? எல்லாரும் அதையத்தான் கேக்கறாங்க. என்ற மருமக கோமதியும் கேட்டாச்சு, அத்தை, சின்னத்தையை இங்கயே வெச்சுக்கலாம், முன்னாடி ரூமு சும்மாத்தான கெடக்குதுன்னு. தங்கமான புள்ளைங்க அது. அதும் என்ற மகனும் காத்தால பனியன் கம்பெனி வேன்ல ஏறுனா பொழுது உளுந்துதான் வருவாங்க. ஆனா மயிலா வரமாட்டா. இந்த வாசப்படி ஏறமாட்டா.

அது ஒரு பாயசக் கதைங்க. என்ற மகனுக்குக் காது குத்துன அன்னைக்கு விருந்து. இவ மாசமா இருந்தா. ஆசைப்பட்டு மூணாவது தடவை பாயசம் கேட்டுட்டா. எங்கூட்டுக்காரரு பாயசம் இருந்த போசியைத் தூக்கிக் காட்டி, இது உங்கப்பன் ஊட்டுச் சீர்ல வந்த போசியா இருந்தா இன்னும் பெருசா இருந்திருக்கும்னு ஒரு சொல்லு சொல்லிப்போட்டாரு. எங்கய்யன் சீரு சரியாச் செய்யலேங்கற எகத்தாளந்தான், வேற ஒண்ணுமில்ல. சபையே சிரிச்சுது. நானும் லேசாச் சிரிச்சேன். இவ எலையை மூடீட்டு எந்திரிச்சுப் போனவதான். இன்னி வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள கால் வெக்கல. சொன்னவரு செத்தாச்சு. கேட்டுக்கிட்டு இருந்த கொழுந்தனாரும் செத்தாச்சு. சிரிச்சவங்கள்லயும் பாதிப்பேரு இல்ல. அந்தப் போசியும் ஓட்டையாயிப் பழைய இரும்புக்காரனுக்குப் போயிருச்சு. அவ மட்டும் அந்தச் சொல்லைக் கட்டி அழுதுக்கிட்டு இருக்கறா. நான் கொண்டு போயிக் குடுத்தா திம்பா. நல்லாத் திம்பா. உப்பு கம்மிம்பா. ஆனா வரமாட்டா. அவ மகன் பெங்களூர்ல. அவன் கூப்பிட்டாலும் போகமாட்டா.

அதனால மூணு வேளையும் சோறு இந்த ரோட்டைத் தாண்டித்தான் போகோணும். சோறு மட்டுமில்ல, சுகர் ஊசியும் போடோணும், தொப்பையைப் புடிச்சு. ஆசுபத்திரி நர்சம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு. இப்பப் பழகிப்போச்சு. வேற ஆரு போட்டாலும் வலிக்குதும்பா. நான் போட்டா வலிக்காது. எல்லாம் நடிப்பு.

எங்க உட்டேன்? ஆங், நகரு. அது வர்ற காடு எங்க பங்காளிக வெள்ளாமை பண்ணுன காடுங்க. ஊடு கட்டற கம்பெனிக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. இத்தனை ஊடு கட்டப் போறம்னு மாரியாத்தா கோயில் மண்டபத்துல மீட்டிங் போட்டாங்க. தாலூக்கா ஆபீசுல இருந்து ஒரு அம்மா வந்திருந்துச்சு, நல்ல லட்சணமான புள்ளை, காதுல ஒண்ணும் போடல, அதுதான் கொறை. கம்பெனிக்காரப் பையன் செவுத்துல படம் காட்டுனான். படத்துல எங்கூரையே காணம். எங்க பாத்தாலும் புல்லு, புள்ளைங்க சைக்கிள் ஓட்டறாங்க, ஒரு வெள்ளை நாயி. செங்கோடன் டிராக்டர்காரன் எந்திரிச்சு, இந்தப் படத்துல என்ற மாட்டுக் கட்டுத்தரை எங்க சார்னு கேட்டான். அந்தப் பையன் பாத்துட்டு, இந்த நீச்சக்கொளம் இருக்குதுல்ல, அதுக்குக் கொஞ்சம் மேக்கன்னான். அப்ப மாட்டைக் குளிப்பாட்ட வசதின்னான் செங்கோடன். ஊரே சிரிச்சுது.

அப்பத்தான் லோகநாதன், வார்டு மெம்பரு, எனக்குப் பங்காளி மகன், அவன் கேட்டான். ஊடு கட்டுங்க, வேண்டாங்கல, ஆனா இந்த ரோடு தாங்குமா? எதுத்தாப்பல ரெண்டு வண்டி வந்தா ஒண்ணு பள்ளத்துல எறங்கோணும், இதுல மணல் லாரியும் வந்தா எங்க புள்ளைகுட்டி எப்படி நடக்கும்னு. நல்லாத்தான் கேட்டான். அந்தம்மா எழுதிக்கிச்சு. அப்பக் கம்பெனிப் பையன் ஒரு போட்டோ காட்டுனான் பாருங்க. ரோட்டுல கொள்ளுக் காயுது. என்ற ஊடு பின்னால தெரியுது, கொடியில என்ற சேலை. ஆபத்து ரோட்டுனால இல்ல, இந்த மாதிரிப் பழக்கத்துனாலங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏங்கண்ணு, கொள்ளு எங்காச்சும் ஓடி வந்து ஆளை இடிக்குமான்னு கேட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அந்தம்மா கூடச் சிரிச்சுது. அப்பச் செயிச்சுட்டோம்னு நெனச்சோம்.

அதுக்கப்புறம் ஒரு நா காத்தால, அந்தப் புளியமரத்தடியில ஒரு புள்ளை வந்து உக்காந்துச்சு. குடையை விரிச்சுக்கிட்டு, கையில ஒரு சின்னச் சாமானம். வண்டி போனா டக்குனு ஒரு அமுத்து. பாவம் காலையில இருந்து ஒண்ணும் திங்கலன்னு களியும் கீரையும் கொண்டு போய்க் குடுத்தேன். எதுக்கு கண்ணு அமுத்தறீங்கன்னு கேட்டா, வண்டி எண்றம் பாட்டி, மூணு நாளைக்கு எண்ணுவோம்ங்குது. ரொம்ப எச்சாப் போனா என்ன பண்ணுவாங்கன்னேன். ரோடு தாங்காதுன்னு எழுதுவாங்க பாட்டின்னுச்சு. அவ்வளவுதான். நான் இதைய லோகநாதன்கிட்டச் சும்மா காதுல போட்டேன். வண்டி எச்சாப் போனா ஊடு வராதாட்டம் இருக்குது, நம்ம வண்டியெல்லாம் சும்மாத்தான நிக்குதுன்னு ஒரு சொல்லு. அதைய அவன் புடிச்சுக்கிட்டான். மெம்பரா இருக்கறவனுக்குச் சுயமா ஒரு ரோசனை வேண்டாமுங்களா?

மறுநா பாக்கோணுமே. ஊர்ல இருக்கற அத்தனை வண்டியும் ரோட்டுல. செங்கோடன் வெறும் டிரெயிலரைக் கட்டிக்கிட்டுக் கடகடன்னு போறான், வர்றான். பால் வண்டி பாலே இல்லாமப் போகுது. டீக்கடைக்காரன் மொபட்டுல ஒவ்வொரு சுத்துக்கும் துண்டை மாத்திக்கறான், அந்தப் புள்ளை ஆளை அடையாளம் கண்டுக்குமாமா. அது மொகத்தை எங்க பாத்துச்சு, குனிஞ்ச தலை நிமிராம அமுத்திக்கிட்டே கெடந்துச்சு. மாரியாத்தா நோம்பி மாதிரி இருந்துச்சுங்க. நான் இங்க உக்காந்து எல்லாத்துக்கும் மோரு ஊத்துனேன். மயிலா அக்கட்ட இருந்து, என்னக்கா ஊரே போகுது, ஆரு செத்துட்டாங்கன்னு கேக்கறா. பொழுதோட பாத்தா அந்தப் புள்ளைக்குக் கட்டவெரல் வீங்கிப்போச்சு. வெளக்கெண்ண தடவி உட்டேன்.

அப்புறம் என்னாச்சு? மறுக்கா மீட்டிங் போட்டாங்க. அந்தம்மா எந்திரிச்சுச்சு. நீங்க சொன்னது சரிதான், நாங்க எண்ணிப் பாத்துட்டோம், நெனச்சதை விட வண்டி அதிகம், இந்த ரோடு தாங்காது, அதனால ரோட்டை அகலம் பண்ணி, நடுவுல செவுரு வெச்சு, ரெட்டை ரோடாப் போடறோம், கம்பெனி பாதிச் செலவை ஏத்துக்குது, இனி உங்களுக்கு ஆபத்தில்லைன்னுச்சு. சந்தோசமாத்தான் சொல்லுச்சுங்க. நாங்க கேட்டதைக் குடுத்துட்டாப்பல. லோகநாதன் மொகத்தைப் பாக்கோணுமே. வாயைத் தொறந்து வண்டியெல்லாம் பொய் வண்டின்னு சொல்ல முடியுமா? எங்களைப் பாக்கறான், நாங்க அவனைப் பாக்கறோம். செங்கோடன் மட்டும், ஒரு டேங்க் டீசல் போச்சேன்னான்.

நான் எந்திரிச்சேன். நடுவுல செவுரு வெச்சா அக்கட்டச் சோறு கொண்டு போறது எப்படீங்கன்னு கேட்டேன். அந்தம்மா பொறுமையாத்தான் சொல்லுச்சு. பாட்டி, செவுரு உங்க நல்லதுக்குத்தான், குறுக்க போகாம இருந்தாத்தான் அடிபடாம இருப்பீங்க, தாண்டறதுக்கு மில்லுக்கிட்ட வழி உடறோம்னு. மில்லு எங்க இருக்குது, ஊடு எங்க இருக்குது. சோத்தைத் தூக்கிக்கிட்டு மில்லு வரைக்கும் நடந்து, அக்கட்ட மாறி, திரும்ப இங்க வரைக்கும் நடந்தா, மத்தியானச் சோறு பொழுதோடதான் போகும். என்ற முட்டி அதுக்கும் வராது. கம்பெனிப் பையன் குசும்பன், பாட்டிமா, போன்ல ஆர்டர் பண்ணுனா அவங்களே கொண்டாந்து குடுப்பாங்கன்னான். அதுக்கும் ஊரே சிரிச்சுது. அன்னைக்குக் கை தட்டுன அதே ஊருங்க. நான் உக்காந்துக்கிட்டேன். என்ன பண்றது? அந்தம்மா கெட்டது ஒண்ணும் சொல்லல. அடிபடக் கூடாதுன்னுதான சொல்லுது. நல்லது சொல்றவங்களை என்னன்னு வையறது?

கோமதி மனு எழுதிக் குடுத்துப் பாத்துச்சு, ஒண்ணும் நடக்கல. சித்திரையில வேலை ஆரம்பிக்கறாங்களாமா.

இப்பவே ரோடு ரோடா இல்லீங்க. இந்த லாரிகளைப் பாருங்க. நின்னு பாத்துட்டே இருந்தா சோறு ஆறிப் போயிருது. சோறு ஆறுனா ஆறட்டும், ஊசி போட்டாச்சுன்னா ஒடனே திங்கோணும், இல்லீன்னா மயக்கம் வந்துருது. ஒரு நா நான் அங்க ஊசி போட்டுட்டுக் கொழம்பை மறந்துட்டேன், எடுக்க இக்கட்ட வந்தேன். திரும்பிப் போக முடியல. ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்குது. அங்க அவ தலை அப்படியே சாயுது. எனக்குக் கண்ணுல தெரியுது, கால் எடுத்து வெக்க முடியல. யாரோ ஒரு வேன்காரன் நிறுத்துனான், மகராசன். அந்தச் சந்துல போயித்தான் ஊட்டி உட்டேன்.

அதனாலதான் தம்பி இது. அது கொள்ளே இல்லீங்க. கொள்ளெல்லாம் தை மாசமே தட்டி, தூத்தி, டப்பாவுல போட்டாச்சு. இது வெறும் சக்கை. ஒரு காயி இருக்காது, கையில எடுத்துப் பாருங்க. தெனம் பரப்பி உடறேன். கொள்ளுக் கெடந்தா வண்டிக்காரங்க மெதுவாத்தான வருவாங்க? அந்த நேரத்துல நான் தாண்டிக்குவேன். லாரிக்காரனுக கூட லேசா மெதுவா வர்றானுங்க. உங்களாட்டம் தெரியாதவங்கதான் வேகமா வந்து...

ஐயையோ, புடி, புடி.

உளுகல. உளுகல சாமி. காலை ஊனிக்கிச்சு அந்த ஸ்கூட்டர் புள்ளை. முன்னால கொழந்தையை வேற நிறுத்தி வெச்சுக்கிட்டு வருது. ஏன் அம்மணி, ஒண்ணுமில்லயே? கொழந்தை பயந்துக்கிச்சா? போயிருச்சு. திரும்பிக்கூடப் பாக்காமப் போயிருச்சு.

என்ன தம்பி, எதுக்கு எந்திரிக்கறீங்க? அந்தக் காலோட. உக்காருங்க.

ஆமாங்க. இதையக் கூட்டித் தள்ளோணும்னு நீங்க சொல்றதும் நாயந்தான். கொழந்தை உளுந்திருந்தா.

சீமாறு அந்தக் கதவு மூலையில இருக்குதுங்க. நான் தள்ளறனே. சேரி, நீங்களே தள்ளுங்க, எனக்குக் குனிய முடியாது. ஓரமாத் தள்ளீட்டாப் போதும். அங்கயும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுக் கெடக்குது பாருங்க. நல்லா வளிச்சுத் தள்ளுங்க, பாதி கெடந்தா இன்னும் வளுக்கும். நான் அதுக்குள்ள சோத்தை எடுத்துக்கிட்டு வந்தர்றேன், நேரமாயிப்போச்சு.

அட, சுத்தமா ஆக்கிப்போட்டீங்க. ரோடு கண்ணாடி மாதிரி இருக்குது. கையைக் கழுவிக்கங்க, அது அரிக்கும்.

ஆட்டோ வந்துருச்சா? அவருதான் உங்க சிநேகிதகாரரா? மெதுவாத் தூக்குங்க வண்டியை. இல்லீங்க, நான் போயிக்குவேன். நீங்க வாங்கிக்கிட்டுப் போயிக் குடுத்தா அவ வாங்கமாட்டா, ஊசி வேற இருக்குது. நீங்க நொண்டிக்கிட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனா ரெண்டு பேரையும் சேத்து இடிச்சுப் போட்டுருவானுங்க. ஆட்டோக்காரருக்கு வாடகை ஏறும், கெளம்புங்க. மறக்காம டாக்டர்கிட்ட ஒரு ஊசி போட்டுக்கங்க. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

நின்னுக்கறேன். ஒரு சந்து கெடைக்காமயா போயிரும். இந்த லாரி போகட்டும். இது போகட்டும். பின்னால ஒண்ணு வருது. எத்தனை வேகம் பாருங்க, ரோடு சுத்தமா இருக்குதில்ல.

இரு மயிலா, வந்துட்டேன். சோத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்.

ஆருமில்ல மயிலா. வண்டிதான். நீ எந்திரிக்காத, உக்காரு.